மூலம் ஒன்று, முடிவும் ஒன்றா?

சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-ல் தொடங்கிய முயற்சியின் பலன், 'சக்தி' என்னும் கம்ப்யூட்டர் மூளை. 2018-ல் அதன் சில்லு லினக்ஸை இயக்கிக் காட்டியது. சபாஷ்! ஆனால், சின்னஞ்சிறு 'சக்தி'க்குத் தன் புரோகிராமைத் தானே தயாரிக்கத் திராணி ஏது? வேறு கம்ப்யூட்டரில் தயாரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

இங்கேதான் சங்கடம். மயிலாப்பூரில் ஒருவர் இன்டெல் எந்திரத்திலும், தியாகராய நகரில் இன்னொருவர் ஆர்ம் எந்திரத்திலும், அதே மூலத்தை அதே கம்பைலரால் தயாரித்தால் இரண்டும் அச்சாக ஒத்திருக்க வேண்டாமா? பல சமயம் ஒத்திருப்பதில்லை! தயாரித்த நேரம், கோப்புகளின் வரிசை, இருந்த இடத்தின் பெயர் எல்லாம் உள்ளே ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் யாரேனும் விஷமம் செய்திருந்தால் எப்படித் தெரியும்?

2013 முதல் இதற்காக உழைக்கும் டெபியன் குழுவினர், கடிகாரத்தைப் பாராமல், மூலம் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியையே பொறிக்கச் செய்தனர். அதன் பிறகு ஒரே ஒரு பிட் மாறினாலும் 'ஷா-256' என்ற விரல்ரேகை காட்டிக்கொடுத்துவிடும்.