கதையில் செத்தவள் கரையில் வாழ்கிறாள்!

கோட்டைப்பட்டினத்துக் கடற்கரை. விசைப்படகுகள் போய்விட்டன. போனவன் மீனோடு வருவானா, வெறும் வலையோடு வருவானா, அல்லது இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது என்ற செய்திதான் வருமா? யார் அறிவார்!

அந்தச் செய்தி வந்துவிட்டால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடுகிறதா? இல்லை! கடன்காரனுக்குத் தவணை சொல்கிறவள் அவள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள் அவள். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறவளும் அவளே.

தோழர்களே! இவளை நம் நாட்டுக் கதைகளில் தேடிப் பாருங்கள். எளிதில் கிடைக்கமாட்டாள். கதையிலே கணவனைப் பிரிந்தவள் சன்னலோரம் நின்று கண்ணீர் வடிப்பாள். கணவனை இழந்தவளுக்கோ ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டே வழிகளை வைத்திருந்தார்கள்: ஒன்று காசி; மற்றொன்று சாவு!

வீண்பழி அல்ல இது. வங்கத்தின் பெரும் எழுத்தாளர் பங்கிம் சந்திரர் 1873இல் 'விஷ விருட்சம்' எழுதினார். மனைவியுள்ள நகேந்திரன் குந்தநந்தினி என்னும் இளம் விதவையை மணக்கிறான். முடிவு? அவள் நஞ்சுண்டு மாள்கிறாள். அவன் பழைய மனைவியோடு வாழ்கிறான். 1878இல் 'கிருஷ்ணகாந்தன் உயில்'. அதிலே ரோகிணி என்னும் விதவை, அவளை அழைத்துப் போனவனின் துப்பாக்கிக்கே இரையாகிறாள். 1903இல் தாகூர் படைத்த விநோதினியோ கற்றவள். அவளை மணக்க முன்வந்தவனும் உண்டு. ஆனாலும் ஆசிரியர் அவளைக் காசிக்கு அனுப்பிவிட்டார்!

இத்தனைக்கும் விதவை மறுமணச் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. சட்டம் மணம் புரியலாம் என்றது. கதை நஞ்சைக் குடி என்றது! சட்டம் ஏட்டில் கிடந்தது. கதையோ வீட்டுக்குள் நுழைந்து, பெண்ணின் நெஞ்சில் அமர்ந்து ஆட்சி செய்தது.

வங்கம் கிடக்கட்டும், தமிழகம் எப்படி? 1966இல் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை எழுதினார். மழையில் நின்ற மாணவியைக் காரில் ஏற்றிய ஒருவன் அவளைக் கெடுத்துவிடுகிறான். அழுதுகொண்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்கிறாள். எழுந்தது எதிர்ப்பு! ஒரு குடம் தண்ணீரில் கற்பு திரும்புமா என்று கேட்டார்கள். அந்தக் காரில் வந்தவனின் கற்பை எந்தக் குளத்தில் கழுவுவது என்று கேட்டவர் எத்தனை பேர்?

கற்பு என்று ஒன்று இருந்தால் அது இரு பாலுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றார் பெரியார். ஒருத்திக்கு விலங்கும் ஒருவனுக்கு விடுதலையும் ஒழுக்கமாகுமா?

நம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். 1968இல் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது. மன்னன் அவையிலே நீதி கேட்டவள் அவள்! ஆனால் நம் மேடைகள் அவள் கேட்ட நீதியைப் பாடியதை விட, அவள் கற்பைப் பாடியதே அதிகம். 'கற்புக்கரசி' என்று கைதட்டிய தோழன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன எதிர்பார்த்தான்? சிலம்பை உடைக்கும் துணிவையா? சொன்னதைக் கேட்கும் பணிவைத்தானே!

பெண்கள் பேனாவை எடுத்தபோதுதான் கணக்கு மாறியது. 1936இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' எழுதினார். பொட்டுக்கட்டும் கொடுமையைத் தம் வாழ்விலே கண்டு கொதித்த கை எழுதிய நூல் அது. 1947இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. நம் கடற்கரைக்கு வடக்கே நாகூரிலிருந்து 1938இல் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' நாவலைத் தந்தார், உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார். தூத்துக்குடி உப்பளத்திற்கே சென்று, உப்பில் வெந்த உழைப்பாளிப் பெண்களை 1979இல் 'கரிப்பு மணிகள்' நாவலில் நிறுத்தினார் ராஜம் கிருஷ்ணன். முஸ்லிம் வீட்டுப் பெண்களின் மூச்சுக்காற்றை 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் கேட்கச் செய்தார் சல்மா.

கதை மாறினால் வாழ்வு மாறுமா என்று ஐயுறுவோர் நம் புதுக்கோட்டை மாவட்டத்தையே பார்க்கட்டும். 1991இல் அறிவொளி இயக்கம் எழுந்தது. எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். கேலி பேசியவர்கள் உண்டு, பெண்கள் இறங்கவில்லை! பாட்டாளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதித்தார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எவன் வருவான் என்று காத்திராமல் போனார்கள். 'பெண் என்றால் காத்திருப்பவள்' என்ற பழங்கதை அந்தச் சக்கரத்தின் அடியில் நசுங்கியது.

இன்னும் நசுங்காமல் கிடப்பது எது? கணவனை இழந்தவள் மங்கல நிகழ்ச்சியில் முன்னே நிற்கக் கூடாது என்னும் பேச்சு. மறுமணத்துக்கு மார்க்கம் தடை சொல்லாத வீட்டிலும் ஊர் வாய்க்கு அஞ்சும் அச்சம். 1929 செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டோம். தமிழகத்தில் இந்துக் குடும்பத்து மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் 1989இல்தான் வந்தது. அறுபது ஆண்டுகள்! சட்டம் வந்த பின்னும், தங்கையின் பங்கைக் கையெழுத்தில் கழிக்கும் அண்ணன்களில் நம் தோழன் எவனும் இல்லையா?

தோழனே! படிப்பகத்தில் பெண் விடுதலைக் கதையை உரக்கப் படிக்கிறாய். அங்கே பெண்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால், அந்தப் புத்தகத்தை இன்றிரவு வீட்டுக்கு எடுத்துப் போ. அவளிடம் கொடு. அவள் படித்து முடிக்கும்வரை, உண்ட தட்டை நீ கழுவு!

கதையில் அவளைக் கொன்றார்கள். கரையிலே அவள் வாழ்கிறாள். இனி எழுதப்படும் கதையில் அவள் சாகக் கூடாது. நம் வீட்டிலும் தினம் தினம் சாகக் கூடாது.