பிளக் ஏன் உருகுகிறது?

நண்பர்களுடன் தங்கியிருந்த அறையில் ஒருநாள் காலை பிளாஸ்டிக் கருகும் வாடை. கம்ப்யூட்டர் ஓடிய அதே 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருவர் வாட்டர் ஹீட்டரையும் செருகியிருக்கிறார். சுவரில் செருகியிருந்த பாக்ஸின் பிளக் உருகிவிட்டது. 16 ஆம்பியர் எம்.சி.பி. மட்டும் டிரிப் ஆகவில்லை. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வோல்டேஜைக் கரண்ட்டால் பெருக்கினால் பவர், வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். 230 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் எடுக்கும் கரண்ட் சுமார் 6.5 ஆம்பியர், அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 35 ஓம். 200 வாட் கம்ப்யூட்டருக்கு 0.9 ஆம்பியர். மொத்தம் 7.4. பாக்ஸுக்கு இது அதிகம், எம்.சி.பி.க்கோ பாதிகூட இல்லை!

பிளக் லூஸாக இருந்து, அங்கே அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்தால்? 7.4 ஆம்பியரை 0.5 ஓமால் பெருக்கினால் 3.7 வோல்ட். அதை மீண்டும் 7.4 ஆல் பெருக்கினால் சுமார் 27 வாட். 25 வாட் சால்டரிங் அயர்னை பிளக்குக்குள் வைத்தது போலத்தான்.

எனவே ஹீட்டரை எப்போதும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். லூஸான பிளக், சாக்கெட்டை உடனே மாற்றிவிடுங்கள். எம்.சி.பி. பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்.