கழிவைத் தின்று வளரும் இறால்... சாப்பிடலாமா?

"பண்ணை இறாலா வாங்கினே? அது தன் கழிவையே தின்னு வளருதாமே!" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும், கழுவி வைத்த இறாலைச் சட்டியில் போடத் தயங்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க!

இறாலுக்குப் போடும் தீனியில் உள்ள நைட்ரஜனில் சுமார் கால் பங்குதான் அதன் உடம்பில் சேரும். மீதி பெரும்பாலும் எச்சமாகவும் அம்மோனியாவாகவும் தண்ணீரில் கலந்துவிடும். அம்மோனியா இறாலுக்கு விஷம். குஞ்சுகளோ இன்னும் பாவம்! அதனால் அடிக்கடி தண்ணீரை மாற்றணும். அழுக்குத் தண்ணீர் வாய்க்காலைக் கெடுக்கும். புதுத் தண்ணீரோடு நோயும் உள்ளே வரும். 1990-களின் நடுவில் நம் கடலோரப் பண்ணைகளைப் பாழாக்கிய வெள்ளைப்புள்ளி நோய் ஞாபகம் இருக்கா? (அந்த வைரஸ் மனிதர்களைத் தொற்றாது.)

இதற்கு ஒரு மாற்றுதான் 'பயோஃபிளாக்'. இஸ்ரேல் பேராசிரியர் யோரம் அவ்னிமெலெக் 1990-களில் இதை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். குஞ்சுகள் இருக்கும் தொட்டியில், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைக் கலப்பார்கள். அந்த இனிப்பையும் அம்மோனியாவையும் உண்டு நல்ல பாக்டீரியாக்கள் பெருகும். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து பழுப்பு நிறத் துணுக்குகளாகத் திரளும். புரதம் நிறைந்த அந்தத் துணுக்குகளைக் குஞ்சுகள் இரவும் பகலும் கொறிக்கும். தண்ணீரும் சுத்தம், தீனிச் செலவும் மிச்சம்!

மாட்டுச் சாணம் எருவாகி, கீரையாக நம் தட்டுக்கு வருவதில்லையா? அதே கதைதான்.

ஆனால், காற்றடிக்கும் இயந்திரம் நிற்காமல் ஓடணும். கரண்ட் போய் மாற்று ஏற்பாடும் இல்லையென்றால், ஆக்ஸிஜன் தீர்ந்து அத்தனையும் செத்துவிடும்.

நாம் உண்மையில் பயப்பட வேண்டியது தடைசெய்யப்பட்ட குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகளுக்குத்தான். சமைத்தாலும் அவை முழுதாகப் போகாது. நோய் குறைந்தால் மருந்து போடும் ஆசையும் குறையும். அதற்காக, பயோஃபிளாக் என்ற பெயர் மட்டுமே உத்தரவாதம் ஆகிவிடாது. நம்பிக்கையான கடையில் வாங்குங்க.

வீட்டில் கவனிக்க:

* அம்மோனியா நெடி அடித்தால் அது கெட்டுப்போன இறால். வேண்டவே வேண்டாம்.

* முதுகில் உள்ள கறுப்புக் 'குடல் நரம்பை' எடுத்துவிடுங்க.

* கண்ணாடி போலிருக்கும் சதை வெளுத்து இளஞ்சிவப்பாகும்வரை வேகவிடுங்க.

* இறால் அலர்ஜி உள்ளவர்களுக்குக் கடல் இறாலும் ஒன்றுதான், பண்ணை இறாலும் ஒன்றுதான். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

மற்றவர்கள்? அடுப்பைப் பற்ற வைக்கலாம்!