வீட்டுக்கு அனுமதி, முன்புறம் கடையா?

கிராமத்தில் மனை வாங்கி வீடு கட்டும் நம் வணிகர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தில் ஒரு கடைக்கும் சேர்த்தே இடம் விடுகிறோம். பின்னால் குடும்பம், முன்னால் ஷட்டர். வாடகை மிச்சம், இரவு பத்து மணிக்கு ஒருவர் சர்க்கரை கேட்டு வந்தாலும் எடுத்துக் கொடுக்கலாம். தந்தையர் காலத்திலிருந்து வரும் இந்தப் பழக்கத்தில் தவறு ஏதுமில்லை. ஆனால் ஊராட்சியில் அனுமதி கேட்கும்போது மட்டும் "வீடு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்தப் "பிறகு" நமக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

உத்தரப் பிரதேச மாநிலம் மீரட் நகரில், வீட்டு வசதி வாரியம் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய ஒரு மனையில் அனுமதி இல்லாமல் கடைகள் எழும்பின. பல ஆண்டுகள் வியாபாரமும் நடந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-ல் அவற்றை இடிக்க உத்தரவிட்டது. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. இத்தனை காலம் கடந்துவிட்டது, இவ்வளவு பணம் போட்டுவிட்டோம் என்ற வாதங்கள் எடுபடவில்லை. அதே தீர்ப்பில் நாடு முழுவதற்கும் சில கட்டளைகள் உண்டு. அனுமதியின்றிக் கட்டிய எந்தக் கட்டிடத்திலும், அது வீடாயினும் கடையாயினும், தொழில் நடத்த உள்ளாட்சி உள்பட எந்த அமைப்பும் உரிமம் தரக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. வணிகர்களாகிய நாம் இந்த வரியை மறக்கக் கூடாது.

மனையிலிருந்து தொடங்குவோம்

வரைபடம் போடுமுன் மனையின் பிறப்பைப் பார்க்க வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்ற மனைகள் நம் பகுதிகளில் ஏராளம். ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் இருந்தால் அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான் பலருக்கு இந்த வேறுபாடே தெரிந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. உங்கள் மனை அந்த வகையாக இருந்தால், வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டி.டி.சி.பி. மாவட்ட அலுவலகத்தில் விசாரித்து, அதை முடித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

நத்தம் மனை என்றால் நத்தம் பட்டா இருக்க வேண்டும். நஞ்செய், புஞ்செய் என்று பதிவான நிலம் என்றால் நிலப் பயன்பாட்டு மாற்றம் முதலில் வரவேண்டும். பத்திரத்தில் பெயர் மாறியும் பட்டாவில் பழைய உரிமையாளர் பெயரே இருப்பது நம்மிடையே சாதாரணம். விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

கையில் இருக்க வேண்டியவை

கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் பட்டா, புல வரைபடம், மனைப்பிரிவு ஒப்புதல் அல்லது வரன்முறை ஆணை, பதிவு பெற்ற பொறியாளர் கையொப்பமிட்ட கட்டிட வரைபடம். இவற்றை ஒரே கோப்பில் போட்டு, எல்லாவற்றிலும் சர்வே எண்ணும் பரப்பளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து சரிபாருங்கள். பத்திரத்தில் ஓர் அளவு, நிலத்தில் ஓர் அளவு என்றால், நில அளவரை அழைத்து அளந்துகொள்வதே நல்லது.

விண்ணப்பம் இப்போது ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகச் செல்கிறது. ஊராட்சியின் செயல் அலுவலர் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம். கட்டிடத்தின் அளவும் உபயோகமும் ஊராட்சியின் வரம்பைத் தாண்டினால் டி.டி.சி.பி.யின் திட்ட அனுமதியும் வேண்டும். சாலையிலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும், பக்கங்களில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பவற்றை 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் சொல்கின்றன. மழைநீர் சேகரிப்பும் வரைபடத்தில் இருக்க வேண்டும். மனை நெடுஞ்சாலையை ஒட்டியிருந்தால், நெடுஞ்சாலைத் துறையிடமும் விசாரித்த பிறகே கடைக்கால் எடுங்கள். சாலை விரிவாகும்போது முதலில் போவது நம் ஷட்டர்தான்.

சுயசான்று யாருக்கு?

2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டம் சிறு வீடு கட்டுவோருக்கு உண்மையிலேயே பெரிய உதவி. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டிடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் என்றால், உரிய ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியவுடன் அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். யாரும் பார்க்க வரவில்லை என்பதால் பொறுப்பு குறையவில்லை. முழுப் பொறுப்பும் நம் கையொப்பத்தின் மேல் ஏறுகிறது. குடியிருப்புக்கு என்று உறுதி சொல்லிப் பெற்ற அனுமதி கடைக்குச் செல்லாது. வரைபடத்தில் "கார் நிறுத்தும் இடம்" என்று காட்டிய பகுதியில் ஷட்டர் மாட்டினால், நாம் கொடுத்த உறுதிமொழியே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். பில்லில் ஒரு சரக்கு, மூட்டையில் வேறு சரக்கு என்றால் நாம் இறக்கிக்கொள்வோமா?

கடையையும் சேர்த்துக் கேளுங்கள்

குடியிருப்புப் பகுதியில் அன்றாடத் தேவைப் பொருள்களை விற்கும் சிறு கடைகளுக்கு விதிகளிலேயே இடம் உண்டு. பரப்பளவுக்கு வரம்பும் உண்டு. ஆகவே முன்பகுதியைக் "கடை" என்றே வரைபடத்தில் எழுதச் சொல்லுங்கள். கட்டணம் சற்றுக் கூடும், நாளும் கூடலாம். பொறியாளர், "வீடு என்று போட்டுவிடுவோம், சீக்கிரம் முடியும்" என்று சொன்னால் இசையாதீர்கள். அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கடையில் உட்காரப்போவது நாம்.

மின் இணைப்பிலும் இதே கணக்குத்தான். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற ஆசையில் கடையின் ஃப்ரீசரையும் அதிலேயே ஓட்டுவது உண்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் கணக்கிடலாம். வீட்டுக்கு ஒன்று, கடைக்கு வணிகக் கட்டணத்தில் ஒன்று என இரண்டு மீட்டருக்கான இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கடை முகவரியின் ஆதாரமாக வரி ரசீதும் மின் கட்டண ரசீதும்தான் உதவுகின்றன. வங்கிக் கடனுக்கும் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்பார்கள்.

அனுமதி வந்த பிறகு

வரைபடத்தில் இல்லாத ஒரு சுவரைக்கூட மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் எழுப்பாதீர்கள். மாற்றம் தேவையென்றால் திருத்திய வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். ஆணையில் கண்ட காலத்துக்குள் வேலையை முடியுங்கள். சிறு வீடுகளுக்குக் கட்டிட நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. கடை சேர்ந்த உங்கள் கட்டிடத்துக்கு அது வேண்டுமா என்பதை அனுமதி பெறும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத தொகையைக் கொடுத்து வாங்கும் அனுமதியும் நாளைக்கு நமக்குத் துணை நிற்காது. விண்ணப்பம் காரணமின்றித் தேங்கினால் சண்டை போட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனுவை எழுதி, கோப்பு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

சங்கத்தின் கிளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அனுமதி பெற்றுக் கடையுடன் வீடு கட்டிய உறுப்பினர் ஒருவராவது ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவருடைய கோப்பின் நகலை அவர் இசைவோடு கிளை அலுவலகத்தில் வைத்தால், அடுத்து கட்டுபவருக்குப் பாதி அலைச்சல் குறையும். புது மனை வாங்கியிருக்கும் உறுப்பினர்கள், பொறியாளரிடம் முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறை கிளைக்கு வந்து அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துச் செல்லுங்கள்.