கணக்கு எந்தச் சில்லில் நடக்கிறது?

மடிக்கணினியின் மேல் என்விடியா ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாலேயே உள்ளே ஜி.பி.யூ. எனும் வரைகலைச் செயலிதான் வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. நாகர்கோவில் பக்கம் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர், குளச்சல் துறைமுகத்தில் இறங்கும் மீன்களைப் படத்தைப் பார்த்தே இனம் பிரிக்கும் மாதிரியை விண்டோஸ் கணினியில் பயிற்றுவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அவர் பயன்படுத்தக்கூடிய டென்சர்ஃப்ளோ மென்பொருள், 2.10 பதிப்புக்குப் பிறகு விண்டோஸில் நேரடி ஜி.பி.யூ. ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதே வேலைக்கான பைடார்ச்சை வழக்கமான ‘பிப்’ கட்டளையில் நிறுவினால் விண்டோஸுக்கு வந்து சேர்வது சி.பி.யூ. எனும் மையச் செயலிக்கான பதிப்பு. இணையத்திலேயே நிரலை ஓட்டும் கூகுள் கோலாபுக்குப் போனாலும், நாமாக மாற்றாதவரை அங்கே கிடைப்பது சி.பி.யூ.தான். இத்தனைக்கும் திரையில் பிழைச் செய்தி வராது. ‘ஜி.பி.யூ. இருந்தால் அதில் ஓடு, இல்லையென்றால் சி.பி.யூ.வில் ஓடு’ என்று பாடங்களில் எல்லாரும் பிரதியெடுக்கும் அந்த ஒற்றை வரி, இல்லாததைச் சொல்லாமலே சமாளித்துவிடுகிறது. கரண்ட் போனது தெரியாமல் இன்வெர்ட்டரில் விளக்கு எரிவது போலத்தான்.

விடை சரியாக வந்தால் எந்தச் சில்லில் ஓடினால் என்ன என்று கேட்கலாம். சிறிய மாதிரிக்கு அந்தக் கேள்வி நியாயமானது. தரவை ஜி.பி.யூ.வுக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் சி.பி.யூ. வேலையையே முடித்திருக்கும். ஆனால் படங்களை வைத்துப் பயிற்றுவிக்கும்போது சில மணி நேர வேலை சி.பி.யூ.வில் நாள்கணக்கில் இழுக்கும்; ஜி.பி.யூ.வை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தவர், அது சும்மா கிடந்த நேரத்துக்கும் பணம் கட்டுவார். தசம எண்களைக் கூட்டும் வரிசை சில்லுக்குச் சில்லு மாறுவதால் விடையின் கடைசி இலக்கங்கள்கூடச் சற்றே வேறுபடலாம்.

ஜி.பி.யூ. இருக்கிறதா என்று நிரலிடமே கேட்டால் போதாதா? போதாது. அது கண்ணில் படுகிறது என்பதற்குத்தான் அந்தப் பதில் சான்று. மாதிரி அதில் ஏறியிருக்கிறது என்பதற்கு அல்ல. மாதிரியின் அளவுருக்கள் எந்தச் சாதனத்தில் இருக்கின்றன என்று அச்சிட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சி ஓடும்போதே இன்னொரு சாளரத்தில் ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையைக் கொடுத்து, நினைவகமும் பயன்பாட்டு விழுக்காடும் ஏறுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரை மட்டும் நம்புவது ஆபத்து. அது முதலில் காட்டுவது 3டி வரைபடத்தை; என்விடியா ஜி.பி.யூ.வில் ‘கூடா’ (CUDA) கணக்கு மும்முரமாக ஓடும்போதும் அங்கே சுழியம் தெரியலாம்.

எனவே புராஜெக்ட் அறிக்கையில் துல்லிய விழுக்காட்டை மட்டும் கேட்கும் ஆசிரியர்கள், மாதிரி ஓடிய சில்லின் பெயரையும் அதற்கான திரைப்பதிவையும் சேர்த்துக் கேட்கட்டும்.