உங்களுக்குத் தெரியுமா? பார்வை திடீரென்று மங்கினால்…

விழித்திரைக்கு வலி தெரியாது. கிழிந்தாலும் வலிக்காது, பின்சுவரை விட்டுப் பிரிந்தாலும் வலிக்காது, அதற்குப் போகிற ரத்தம் நின்றே போனாலும் வலிக்காது. 'வலிதான் இல்லையே, காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்துவிடுவதால் போன பார்வைகள் எத்தனையோ.

*

கண் முன்னே ஒன்றிரண்டு பூச்சி பறப்பது வயதானவர்கள் பலருக்கும் உண்டு. பல வருடமாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் திடீரென்று கூட்டமாகப் பறந்தாலோ, இருட்டில் கண்ணோரம் மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை மூடிக்கொண்டு வந்தாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போயாக வேண்டும். விழித்திரையில் கிழிசல் மட்டும் இருந்தால் லேசர் வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரிந்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். நடுப்பார்வையைத் தருகிற மாக்குலா பிரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவருக்குப் பார்வை நன்றாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். அதுவும் பிரிந்த பிறகு போனவருக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. மைனஸ் 6-க்கு மேல் கண்ணாடி போடுபவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

*

நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை விழித்திரை பிரிந்தால் பார்வை போனது போனதுதான். கிழிசலை அடைத்தால் விழித்திரை மறுபடி ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனன். இன்றைய சிகிச்சை எல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

*

ஒரு கண் மங்கினால் இன்னொரு கண் அதை மறைத்துவிடும். அதனால் பலருக்கு நாள்கணக்கில் தெரியாமலே போகும். ஒரு கண்ணைப் பொத்தி, சுவர்க் காலண்டரில் தேதியைப் படியுங்கள். பிறகு மற்றக் கண். சர்க்கரை நோயாளிகள் இதை வாரம் ஒருமுறையாவது செய்வது நல்லது. அவர்களுக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்வை திடீரென மறையக்கூடும்.

*

மாரடைப்பு போல, பக்கவாதம் போல, கண்ணிலும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும். நொடியில் ஒரு கண் இருண்டுவிடும். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவாவில் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே குரங்குகளிடம் நடத்திய ஆய்வில், 97 நிமிடம்வரை அடைப்பு இருந்தும் விழித்திரை தப்பியது. 4 மணி நேரம் அடைத்திருந்தபோது மீள முடியாத சேதம் ஆகிவிட்டது. எனவே கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் பார்க்க இதில் நேரமே கிடையாது. பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

*

ஒரு கண் இருண்டு, சில நிமிடத்தில் தானே தெளிந்துவிட்டதா? அதையும் விடக்கூடாது. கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ஒரு சிறு ரத்தக்கட்டி வந்து போயிருக்கலாம். அடுத்த சில நாட்களில் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. பார்வை திரும்பிவிட்டது என்பதற்காக மருத்துவமனைக்குப் போவதைக் கைவிடாதீர்கள்.

*

தலையைப் பிளக்கும் வலி, வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம்: இது பித்தமும் இல்லை, வெறும் ஒற்றைத் தலைவலியும் இல்லை. கண் நீர் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கலாம். சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. (பாதரச அளவு) வரை இருக்கும் அழுத்தம் இதில் 50-ஐத் தாண்டுவதுண்டு. இரவோடு இரவாகக் குறைத்தாக வேண்டும்.

*

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் கையில் தரவே தராதீர்கள். பிதுக்கும்போது தெறித்தால் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணைத் துளைக்கும். மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பு, நின்ற இடத்திலேயே, குழாய் நீரில் அரை மணி நேரம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் வண்டி.

*

பட்டாசோ இரும்புத் துகளோ கண்ணைத் துளைத்திருந்தால் நேர்மாறு. கழுவாதீர்கள், கசக்காதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

*

கதிர் அறுக்கும்போது நெல் தாள் பட்டுக் கண் உறுத்தினால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். பூஞ்சைப் புண் வரும் வாய்ப்பு அதிகம். மெடிக்கலில் தானாக வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு அந்தப் புண்ணை வளர்த்து, பூ விழச் செய்துவிடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்று 2013-இல் வெளியான ஆய்வில், இந்தப் புண்ணுக்கு நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்தே வோரிகோனசோல் என்ற மருந்தைவிட நன்றாக வேலை செய்தது.

*

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பிழைத்தவர்களில் சிலர் பார்வையை இழந்தார்கள். குடித்தவர் பல மணி நேரம் கழித்துக் 'கண் தெரியவில்லை, எல்லாம் வெள்ளையாக இருக்கிறது' என்றால் போதை என்று படுக்க வைக்காதீர்கள். அப்போதே தூக்கிக்கொண்டு போங்கள்.

*

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்; அங்கே விடும் சொட்டு மருந்தால் திரும்பும்போதும் கண் கூசும். வரவேற்பில் 'பார்வை மங்கல்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வரிசையில் உட்காராதீர்கள். எந்தக் கண், எத்தனை மணிக்குத் தொடங்கியது, திடீரென்று வந்ததா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.