புல்லட்டின் மூன்றாவது எண்ணெய்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளில் மசகுப் பொருள் மூன்று தனித்தனி அறைகளில் இருக்கிறது. எஞ்சின் எண்ணெய் முதலாவது. கியர் பெட்டியில் உள்ள கிரீசும் கெட்டி எண்ணெயும் இரண்டாவது. இடப்பக்கம் நீள்வட்டமாகப் பளபளக்கும் அலுமினிய மூடிக்குள் இருக்கும் பிரைமரி எண்ணெய் மூன்றாவது. முதல் இரண்டையும் தவறாமல் கவனிக்கும் உரிமையாளர்கள்கூட மூன்றாவதை மறந்துவிடுவது வழக்கம். அதன் அளவைக் காட்டும் விளக்கோ அளவுகோலோ வண்டியில் இல்லாததும், அது குறைந்தாலும் கெட்டாலும் வண்டி உடனே நின்றுவிடாததும் இதற்குக் காரணங்கள். ஆனால் அந்த எண்ணெயை வீட்டு முற்றத்திலேயே ஒரு காலைப்பொழுதுக்குள் மாற்றிவிடலாம் என்பதாலும், மாற்றாமல் விட்டால் தேய்பவை விலை மிகுந்த உறுப்புகள் என்பதாலும், இந்த மறதி வருந்தத்தக்கது.

எஞ்சினுக்குள் பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க் எனப்படுகிறது. பழைய புல்லட்டில் எஞ்சினும் கியர் பெட்டியும் தனித்தனி வார்ப்புகளாக இருப்பதால், கிராங்கின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டுசேர்க்க இடையில் ஒரு சங்கிலி தேவைப்படுகிறது; பின்சக்கரத்தை ஓட்டும் சங்கிலிக்கு முந்தியது என்பதால் இதற்குப் பிரைமரி செயின் என்று பெயர். இரு வரிசைக் கண்ணிகள் கொண்ட இந்தச் சங்கிலியின் முன்முனையில் கிராங்கோடு பொருந்திய சிறிய பற்சக்கரமும், பின்முனையில் கிளட்சைச் சுமக்கும் பெரிய பற்சக்கரமும் உள்ளன. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் இதே அறையின் முன்பகுதியில்தான் அமைந்திருக்கிறது. ஆகவே அரை லிட்டருக்கும் குறைவான இந்தச் சிறிதளவு எண்ணெய் சங்கிலியின் உராய்வைத் தணிக்க வேண்டும், கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும்போது எழும் வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், தேய்மானத்தில் உதிரும் துகள்களையும் சுமக்க வேண்டும். இத்தனை வேலைகள் சுமத்தப்பட்ட எண்ணெயைச் சுத்திகரிக்க அந்த அறையில் வடிகட்டி எதுவும் கிடையாது.

இன்றைய இளைஞர்களுக்கு இந்த அறை புதிராகத் தோன்றுவதில் வியப்பில்லை. 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 முதல் இன்றைய பெரும்பாலான நான்கு-ஸ்ட்ரோக் வண்டிகள் வரை எஞ்சின், கிளட்ச், கியர் எல்லாம் ஒரே எண்ணெயில்தான் இயங்குகின்றன. மைசூரில் உருவான ஜாவா, எஸ்டி வண்டிகளில் பிரைமரி செயினும் கியர்களும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர வடிவமைப்பை அடியொற்றி, 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த திருவொற்றியூர் ஆலையில் தயாரித்துவந்த புல்லட்தான் மூன்று அறை முறையைப் பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. 2008 முதல் அறிமுகமான, எல்லாம் ஒரே வார்ப்புக்குள் அடங்கிய யு.சி.இ. எஞ்சின்களில் பிரைமரி செயின் இருந்தபோதிலும் அதற்கென்று தனி எண்ணெய் இல்லை. எனவே பழைய புல்லட்டை வாங்குபவர் முதலில் தம் வண்டி எந்த வகை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஐந்து கியர் வண்டிகளில் மூடியின் அமைப்பும் மாறுபடுவதால், இங்கே விளக்கப்படும் முறை வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக் கொண்ட நான்கு கியர் வண்டிக்கே முழுமையாகப் பொருந்தும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த எண்ணெய் விரைவில் கெடுவதற்குத் தட்பவெப்பமும் ஒரு காரணம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் இம்மாவட்டத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. ஓடிச் சூடான பிரைமரி அறை குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரக்காற்றைச் சிறு இடுக்குகள் வழியாக உள்ளிழுக்கிறது. அந்த ஈரம் உலோகச் சுவரில் நீராகப் படிந்து எண்ணெயில் இறங்குகிறது. ஆரல்வாய்மொழி கடந்து திருநெல்வேலி வரை ஓடும் வண்டியில் இந்த நீர் சூட்டில் ஆவியாகி வெளியேற வாய்ப்புண்டு. நாகர்கோவிலுக்குள்ளேயே வடசேரிக்கும் கோட்டாறுக்கும் இடையே மட்டும் போய்வரும் வண்டியிலோ அறை போதிய சூடு பெறுவதற்குள் பயணம் முடிந்துவிடுவதால், நீர் நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகிறது. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெய்த பெருமழையின்போது நேர்ந்ததுபோல், தெருவில் தேங்கிய வெள்ளத்தில் பாதிச் சக்கரம் மூழ்க ஓட்டப்பட்ட வண்டியில், காலக்கணக்குப் பாராமல் இந்த எண்ணெயை உடனே மாற்றிவிடுவதே முறை. மற்றபடி வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில் ஆண்டுக்கொருமுறை மாற்றுவது இப்பகுதிக்கு ஏற்ற வழக்கமாக அமையும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் தவறு மிகுதியாக நேர்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான 20டபிள்யூ-40 தர எண்ணெயே இங்கு போதுமானது. முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் நூறு டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. ஆனால் கெட்டித்தன்மையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எரிபொருள் மிச்சப்படுத்துவதற்கென்று கார்களுக்காகத் தயாராகும் சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. உராய்வினால்தான் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றுகின்றன என்பதால், அத்தகைய எண்ணெயில் அவை வழுக்கத் தொடங்கும். ஜப்பானியத் தர அமைப்பான ஜாசோ, எண்ணெயில் நனைந்து இயங்கும் கிளட்சுகளுக்கு ஏற்றவற்றை எம்.ஏ. என்றும், உராய்வு குறைந்தவற்றை எம்.பி. என்றும் வகைப்படுத்தியுள்ளது. குப்பியின் பின்புறம் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியைப் பார்த்து வாங்குவது போதும். அமெரிக்காவில் புல்லட் ஓட்டுபவர்கள் சிலர் தானியங்கிக் கியர் கொண்ட கார்களின் செந்நிறத் திரவத்தை இதில் ஊற்றுகிறார்கள். அது மெல்லியது என்பதால் கிளட்ச் எளிதாக விடுபடும் என்றாலும், பழைய அடைப்புகள் (சீல்கள்) வழியே எளிதாகக் கசிந்தும் விடும்.

வேலையைத் தொடங்குமுன் வண்டியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தினால், எண்ணெய் இளகி, அடியில் படிந்த துகள்களும் கலங்கி வெளியேறும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் அளவு தவறிவிடும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில்தான் நிறுத்த வேண்டும். இடக்கால் மிதியையும் பிரேக் பெடலையும் கழற்றி ஒதுக்கி, மூடியின் கீழ் அகலமான தட்டு ஒன்றை வைக்க வேண்டும். எண்ணெயை வடிக்க இந்த அறையில் தனித்துளை கிடையாது. நடுவிலுள்ள ஒற்றை நட்டைக் கழற்றி மூடியை அசைத்ததும் எண்ணெய் முழுவதும் விளிம்பு வழியாகவே கொட்டும். மேல்துளை வழியாக ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுப்பவர்களும் உண்டு என்றாலும், அடிவண்டல் அங்கேயே தங்கிவிடும் அந்த முறை பாதி வேலைதான். மூடி இறுகியிருந்தால் மரச்சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். இடுக்கில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் மென்மையான அலுமினிய விளிம்பில் விழும் கீறல் பிறகு நிரந்தரக் கசிவாகும்.

வெளியேறிய எண்ணெயைக் கூர்ந்து பார்ப்பது இந்த வேலையின் மிகப் பயனுள்ள பகுதி. பால்கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேய்ந்திருக்கின்றன. ஆல்டர்னேட்டரின் சுழலும் பகுதி நிலைக்காந்தம் ஆனதால், சங்கிலியிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் அதில் ஒட்டியிருக்கும். மெல்லிய பூச்சாக இருந்தால் துணியால் துடைத்துவிடலாம், நெருடும் அளவுக்குத் திரண்டிருந்தால் சங்கிலியையும் பற்களையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சங்கிலியைச் சுற்றிவிட்டு அது மிக இறுகும் இடத்தில் விரலால் அழுத்தினால், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். மிகுந்த தளர்வைக் கீழுள்ள சறுக்குத் தாங்கியின் திருகால் சரிசெய்யலாம். அந்தத் திருகு முழுவதும் ஏறியும் தளர்வு குறையவில்லை என்றால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

தட்டில் சேர்ந்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது எங்குமே தவறுதான். ஆனால் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் அனந்தனாறு, தோவாளைக் கால்வாய்கள் வழியே குளம் குளமாக நிரம்பி வயலுக்குப் பாயும் நாஞ்சில் நாட்டில் அந்தத் தவறு பல ஊர்களைத் தொடும். பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. பழைய குப்பியிலேயே அடைத்து, கழிவு எண்ணெயைச் சேர்த்து முறையாக ஒப்படைக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட வேண்டும்.

இனி மூடியின் விளிம்புப் பள்ளத்தைத் துடைத்து, அதிலுள்ள ரப்பர் வளையம் கெட்டித்திருந்தால் புதியதைப் பதித்து, மூடியைப் பொருத்தி நடு நட்டை இறுக்க வேண்டும். கசிவுக்கு அஞ்சி அளவுக்கு மீறி இறுக்குவதால்தான் மூடி வளைந்து, அஞ்சிய கசிவே உண்டாகிறது. பிறகு கீழுள்ள லெவல் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, மேல்துளை வழியாக மெல்ல ஊற்றி, கீழ்த்துளையில் எண்ணெய் தலைகாட்டியதும் நிறுத்தி, சொட்டுவது அடங்கிய பிறகே அதை மூட வேண்டும். இதற்கு மேல் ஊற்றினால் தட்டுகள் ஒட்டிக்கொண்டு கியர் முரண்டும். எஞ்சினை இயக்குமுன் கிளட்சைப் பிடித்தபடி இரண்டு முறை கிக்கரை மிதித்தால் தட்டுகள் பிரிந்துவிடும்.

மறுநாள் காலையில் வண்டிக்கடியில் விரித்த காகிதத்தில் சொட்டு விழுந்த இடமே பழுதின் இடத்தைச் சொல்லிவிடும். மூடியின் கீழ்விளிம்பில் ஈரம் இருந்தால் ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை. நடு நட்டைச் சுற்றி இருந்தால் அதன் வாசரை மாற்ற வேண்டும். பின்பக்கம், சக்கரச் சங்கிலி ஓடும் பகுதியில் இருந்தால் கிளட்சுக்குப் பின்னுள்ள அடைப்பு தேய்ந்திருக்கிறது. கசிவே இல்லாமல், சில வாரங்கள் கழித்து லெவல் ஸ்க்ரூவைத் திறக்கும்போது எண்ணெய் கூடுதலாக வழிந்தால், கிராங்கைச் சுற்றியுள்ள அடைப்பு வழியே எஞ்சின் எண்ணெய் இந்த அறைக்குள் வருகிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய இடப்பக்க உறுப்புகள் பலவற்றைக் கழற்ற வேண்டியிருப்பதால், அந்த வேலையைப் பழைய புல்லட் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.